2010 ஜனாதிபதித் தேர்தல்: போரை நடத்திய தளபதிக்கு வடக்கும் கிழக்கும் ஏன் வாக்களித்தன?

காவிரிக்கரை:
இலங்கையின் 2010 தேர்தல் முடிவுகளை மாவட்ட வாரியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜனவரி 26ஆம் தேதி வாக்குப்பதிவு. முள்ளிவாய்க்கால் முடிந்து அப்போது எட்டு மாதம்தான். நாடு முழுவதும் மகிந்த ராஜபக்சவுக்கு 57.88 சதவீதம், சரத் பொன்சேகாவுக்கு 40.15. பொன்சேகா முன்னிலை பெற்ற மாவட்டங்கள் ஆறே ஆறு: யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு, திருகோணமலை, அம்பாறை (திகாமடுல்ல), நுவரெலியா. அதாவது தமிழ் பேசும் மக்கள் திரளாக வாழும் இடங்கள்.

பொன்சேகா யார்? அந்தப் போரின் கடைசி ஆண்டுகளில் இராணுவத் தளபதி. இந்த நாடு சிங்களவருக்குரியது என்று 2008இல் கனடாப் பத்திரிகை ஒன்றிடம் சொன்னவர். அவருக்குத் தமிழர்கள் எப்படி வாக்களித்தார்கள்? தமிழ்நாட்டிலிருந்து பார்க்கும் எனக்கு இது பிடிபடவே இல்லை. அங்கே இருந்தவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

பனங்கூடல்:
கேள்வியே பிழை. தமிழர்கள் அவருக்கும் வாக்களிக்கவில்லை, இவருக்கும் வாக்களிக்கவில்லை. யாழ் மாவட்டத்தில் வாக்களிப்பு 25.66 வீதம். நான்கில் மூன்று பேர் வாக்களிப்பு நிலையத்தின் பக்கமே போகவில்லை. அதற்குப் பெயர் பகிஷ்கரிப்பு. மிச்சம் இருந்த கால்வாசிப் பேரை வைத்துக்கொண்டு “தமிழர்கள் பொன்சேகாவை ஆதரித்தார்கள்” என்று எழுதுவது கொழும்புப் பத்திரிகைகளின் வேலை. நாம் ஏன் செய்ய வேண்டும்?

கணக்குப்பிள்ளை:
பனங்கூடல் அண்ணா, அந்த 25.66 என்ற எண்ணை எத்தனையோ கட்டுரைகளில் பார்த்துவிட்டேன். ஒருவரும் அதன் கீழே இருக்கும் எண்ணைப் பார்ப்பதில்லை.

2010இல் யாழ் தேர்தல் மாவட்டத்தின் வாக்காளர் இடாப்பில் இருந்தவர்கள் 721,359 பேர். (யாழ் தேர்தல் மாவட்டம் என்றால் கிளிநொச்சியும் சேர்ந்தது.) அந்த இடாப்பு பல ஆண்டுகளாக ஒழுங்காகத் திருத்தப்படவில்லை. போர்க்காலத்தில் கிராம சேவையாளர் வீடு வீடாகப் போய்ப் பெயர் வெட்டி, பெயர் சேர்க்கும் நிலைமை எங்கே இருந்தது? இறந்தவர்கள் அதில் இருந்தார்கள். ரொறன்ரோவிலும் பாரிசிலும் பிள்ளை பெற்றுப் பேரப்பிள்ளை கண்டவர்களும் இருந்தார்கள். போர் முடிந்தபின் இடாப்பைத் திருத்தினார்கள். 2015 ஜனாதிபதித் தேர்தலில் அதே மாவட்டத்தின் பதிவு 529,239. ஏறத்தாழ இரண்டு இலட்சம் பெயர்கள் காணாமல் போயின. பாராளுமன்றத்தில் யாழ் மாவட்டத்துக்கு இருந்த ஒன்பது ஆசனங்களும் இதனால்தான் குறைந்தன, 2015 பொதுத் தேர்தலில் ஏழு.

2010இல் அங்கே வாக்களித்தவர்கள் சுமார் 185,000 பேர். அதைத் திருத்திய இடாப்பால் வகுத்துப் பாருங்கள். 35 வீதம் வருகிறது. 2010இன் உண்மையான எண்ணிக்கை 2015இனதைப் போலவே இருந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை, ஆனால் “நான்கில் மூன்று பேர்” என்ற பேச்சு இந்தக் கணக்கில் நிற்காது.

உண்மையான பகிஷ்கரிப்பு எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் 2005ஐப் பாருங்கள். புலிகள் வாக்களிக்க வேண்டாம் என்று நிறுத்திய தேர்தல். யாழ் மாவட்டத்தில் 1.21 வீதம். அதே பழைய இடாப்புத்தான். ஒன்றேகாலுக்கும் 25க்கும் நடுவே இருக்கும் தூரம் பெரியது.

பனங்கூடல்:
உங்கள் கணக்கின்படியே மூன்றில் இரண்டு பங்கினர் போகவில்லை. அது உங்களுக்குச் சிறிய எண்ணிக்கையா? ஊரில் இருந்தும் போகாதவன் ஏன் போகவில்லை என்று சொல்லுங்கள்.

முத்தையன்கட்டு:
போகாதவர்களில் நானும் ஒருவன். ஆகவே சொல்கிறேன்.

நாங்கள் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் இருந்தோம். போர் முடிந்தபோது அந்த முகாம்களில் அடைக்கப்பட்டவர்கள் இரண்டே முக்கால் இலட்சத்துக்கு மேல். 2009 டிசம்பர் 1ஆம் திகதிதான் வெளியே போய்வர விட்டார்கள். தேர்தல் நடந்தபோதும் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் முகாம்களில்தான் இருந்தார்கள்.

வாக்களிக்க என்ன வேண்டும்? இடாப்பில் பெயர் வேண்டும், கையில் அடையாள அட்டை வேண்டும். எங்கள் குடும்பத்தில் அம்மாவிடம் மட்டும் அடையாள அட்டை இருந்தது. பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டே கடைசிவரை வந்தவர். என்னுடையதும் தங்கையுடையதும் மாத்தளனில் பங்கருக்குள் போன பையோடு போய்விட்டன. தற்காலிக அட்டைக்குப் படிவம் நிரப்பினோம், படம் எடுத்தார்கள், வரும் என்றார்கள். இடம்பெயர்ந்தோர் தாங்கள் இருக்கும் இடத்திலேயே வாக்களிக்க வேண்டுமானால் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும் என்ற விதி இருந்தது. அது எங்கள் வரிசைக்குத் தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது.

விண்ணப்பிக்காதவர்கள் சொந்தத் தொகுதிக்குரிய கொத்தணி வாக்களிப்பு நிலையத்துக்கு (இடம்பெயர்ந்தோருக்காகச் சேர்த்து அமைத்த நிலையம்) போகலாம், பஸ் வரும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அம்மா விடியவே முழுகிச் சேலை மாற்றி, எங்கள் வலயத்தின் வாசலில் போய் நின்றார். வாக்களிப்பு காலை ஏழு மணி முதல் மாலை நான்கு மணிவரை. எங்கள் பக்கத்துக்கு பஸ் வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஏறினாலும் போய்ச் சேர முடியாது என்று சாரதியே சொன்னார். அம்மா திரும்பி வந்து பருப்புக்கு அடுப்பு மூட்டினார்.

இப்போது என் அம்மாவை உங்கள் பகிஷ்கரிப்புக் கணக்கில் சேர்ப்பீர்களா? அவர் போட நினைத்தது அன்னத்துக்கு. ஏன் என்று அப்போதே கேட்டேன். “இவன் அடித்தான், அவன் அடிக்கச் சொன்னான். சொன்னவன் இறங்கினால் போதும்” என்றார். காவிரிக்கரை ஐயாவின் கேள்விக்கு எங்கள் வீட்டில் கிடைத்த பதில் இதுதான்.

காவிரிக்கரை:
உங்கள் அம்மாவின் அந்தப் பதிலுக்கு மேல் எந்த ஆய்வுக் கட்டுரையும் எனக்குத் தேவையில்லை. அன்னம் பொன்சேகாவின் சின்னம் என்று புரிகிறது. மகிந்தவினது?

முத்தையன்கட்டு:
வெற்றிலை.

வாவிக்கரை:
இந்த இழையில் எல்லோரும் யாழ்ப்பாணத்தையும் வன்னியையும் மட்டுமே பேசுகிறீர்கள். வழக்கம்தான். கிழக்கையும் கொஞ்சம் எட்டிப் பாருங்கள்.

மட்டக்களப்பில் வாக்களிப்பு சுமார் 65 வீதம். எங்களுக்கு முகாமும் பஸ்ஸும் தடையாக இருக்கவில்லை. கிழக்கில் போர் 2007இலேயே முடிந்துவிட்டது. இங்கே மகிந்தவின் பக்கம் யார் யார் இருந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். கருணா என்ற விநாயகமூர்த்தி முரளிதரன் அமைச்சர், ஆளும் கட்சியின் உப தலைவர்களில் ஒருவர். பிள்ளையான் மாகாண முதலமைச்சர். இருவரும் முன்னாள் புலிகள், இருவருக்கும் ஆயுதம் தாங்கிய ஆட்கள் இருந்த காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. புதுப் பாலம், காபெட் வீதி, “கிழக்கின் உதயம்” என்று சுவரெங்கும் விளம்பரம். இவ்வளவுக்கும் பிறகு மகிந்தவுக்கு மட்டக்களப்பில் கிடைத்தது 26.27 வீதம். பொன்சேகாவுக்கு 68.93.

யாரும் பயமில்லாமல் வாக்களித்தார்கள் என்று சொல்லவரவில்லை. பயத்தோடுதான் போனார்கள். போய் உள்ளே நின்று, வாக்குச்சீட்டை மறைத்துக்கொண்டு, முதலமைச்சர் சொன்னதற்கு மாறாகப் புள்ளடி போட்டுவிட்டு வந்தார்கள்.

இன்னொன்று. “தமிழ் வாக்கு” என்று சொல்லிக்கொண்டு முஸ்லிம்களை விட்டுவிடாதீர்கள். ரவூப் ஹக்கீமின் முஸ்லிம் காங்கிரஸ் பொன்சேகாவை ஆதரித்தது. அம்பாறையில் பொன்சேகா 49.94, மகிந்த 47.92. கல்முனை, சம்மாந்துறை, பொத்துவில் பக்கத்து முஸ்லிம் வாக்கு இல்லாமல் அது நடந்திருக்காது. அவர்களுக்குப் பொன்சேகா மீது என்ன காதல்?

தேயிலைத்தூர்:
மலையகத்தை யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன்.

நுவரெலியாவில் ஆறுமுகன் தொண்டமானின் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் (இ.தொ.கா.) மகிந்தவோடு நின்றது. தோட்டத்துத் தலைவர் சொன்னால் லயமே (தொழிலாளர் வரிசைக் குடியிருப்பே) வாக்களிக்கும் என்று கொழும்பில் இருப்பவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். மலையக மக்கள் முன்னணியின் சந்திரசேகரன் அந்த ஜனவரி 1ஆம் திகதிதான் இறந்தார். எங்கள் தோட்டத்தில் கூட்டம் என்றாலே அவரைப் பற்றிய பேச்சாகவே இருந்தது. முடிவு வந்தபோது பொன்சேகாவுக்கு 52.14 வீதம். எங்கள் ஆட்களுக்கு முள்ளிவாய்க்காலைவிடச் சம்பளம்தான் பேச்சு. 2009 செப்டம்பரில் கையெழுத்தான கூட்டு ஒப்பந்தத்தின் மீதிருந்த கோபம் பெட்டிக்குள் விழுந்தது என்பது என் கணிப்பு. ஆறு மாவட்டமும் ஒரே காரணத்துக்காக வாக்களித்தன என்று தயவுசெய்து எழுதாதீர்கள்.

காவிரிக்கரை:
சரி, அடுத்த கேள்வி. மூன்றில் இரண்டு பங்கினர் போக முடியவில்லை, அல்லது போகவில்லை. அவர்கள் எல்லோரும் போயிருந்தால் முடிவு மாறியிருக்குமா? 2005இல் தமிழர் வாக்களிக்காததால்தான் மகிந்த வந்தார் என்று இங்கே பலர் சொல்வார்கள். 2010உம் அதே கதையா?

கணக்குப்பிள்ளை:
இல்லை. பெரும்பாலான விவாதங்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

2005இல் மகிந்தவுக்கும் எதிர்த்து நின்ற ரணில் விக்கிரமசிங்கவுக்கும் இடைவெளி 180,786 வாக்குகள். மகிந்த 50.29 வீதம் எடுத்து மயிரிழையில் கரையேறினார். அந்த ஆண்டு யாழ்ப்பாணம் ஒன்று வழக்கம்போல வாக்களித்திருந்தாலே போதும். அந்தத் தேர்தலிலிருந்துதான் “ஜனாதிபதியைத் தீர்மானிப்பது தமிழ் வாக்கு” என்ற பேச்சு ஊறிப்போனது.

2010இல் இடைவெளி 1,842,749. பதினெட்டு இலட்சம்! யாழ் மாவட்டத்திலும் வன்னியிலும் வாக்களிக்காத அத்தனை பெயர்களையும், செத்தவர்கள் வெளிநாட்டிலிருப்பவர்கள் உட்பட, எழுப்பிக் கொண்டுவந்து அன்னத்துக்குப் போட்டாலும் ஏழு இலட்சத்தைத் தொடாது. சரி, வெல்லாவிட்டாலும் மகிந்தவை 50 வீதத்துக்குக் கீழே இறக்கியிருக்கலாமே என்பீர்கள். அவர் எடுத்தது 60 இலட்சத்துக்கு மேல். அதைப் பாதிக்குக் கீழே கொண்டுவர, அவருக்கு எதிராக இன்னும் 16 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் விழ வேண்டும். அவ்வளவு மக்கள் வடக்கில் இல்லை.

2015இல் கதை மீண்டும் மாறியது. வென்ற மைத்திரிபால சிறிசேனவுக்கும் மகிந்தவுக்கும் இடைவெளி சுமார் 449,000. வடக்கு கிழக்கின் ஐந்து தேர்தல் மாவட்டங்களில் மட்டும் மைத்திரி பெற்ற மேலதிக வாக்கு ஆறரை இலட்சம். அந்தத் தேர்தலை நிச்சயமாக இந்த மாவட்டங்கள் தீர்மானித்தன.

ஆக, போருக்குப் பிந்திய அந்த முதல் தேர்தலைத் தீர்மானித்தது காலியும் குருநாகலும் அநுராதபுரமும்தான். நாம் போனாலும் போகாவிட்டாலும் மகிந்த வந்திருப்பார். அப்படியிருந்தும் 185,000 பேர் போய் நின்றார்கள் என்பதைத்தான் நான் யோசிக்கச் சொல்கிறேன். வெல்ல வைக்கப் போனவர்கள் அல்லர் அவர்கள். தெற்கில் வீசிய காற்று வடக்கில் எல்லோருக்கும் தெரியும். தோற்கப்போகிறவருக்கென்று தெரிந்தும் போட்ட வாக்கை “தந்திரோபாயம்” என்று சொன்னால் சரியாக இல்லை. ஒருவருக்கு எதிராகப் பதிவுசெய்த சாட்சியம் அது.

பனங்கூடல்:
இந்தக் கணக்கை ஒப்புக்கொண்டால் என் வாதம் இன்னும் பலமாகிறது. எப்படியும் முடிவை மாற்ற முடியாது என்றால், தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு எதற்காகத் தளபதியின் கையைப் பிடித்தது? ஜனவரி முதல் வாரத்தில் அதன் தலைவர் சம்பந்தன் ஐயா ஆதரவை அறிவித்தார். கூட்டமைப்புக்குள்ளேயே எல்லோருக்கும் அது உடன்பாடில்லை. அதன் சிவாஜிலிங்கம் தனி வேட்பாளராக நின்றார். பொன்சேகா எழுத்தில் என்ன கொடுத்தார்? சரணடைந்து தடுப்பில் இருந்த சுமார் 11,000 பேருக்கு என்ன நடக்கும் என்று சொன்னாரா? அரசியல் தீர்வு பற்றி ஒரு வரி? மறுபுறம், சம்பந்தனும் பொன்சேகாவும் இரகசிய ஒப்பந்தம் செய்து நாட்டைப் பிரிக்கப்போகிறார்கள் என்று தெற்கில் மகிந்தவின் ஆட்கள் மேடை மேடையாகக் கத்தினார்கள். நாம் வாய் திறந்ததே அவர்களுக்கு இலாபமாகிவிட்டது.

போரை நடத்திய இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடு என்று சொன்னால், இருவரும் வேண்டாம் என்பதுதான் மானமுள்ள பதில். ஒதுங்கி நின்றிருந்தால் உலகம் “ஏன்” என்று கேட்டிருக்கும்.

வாவிக்கரை:
உலகம் 2005இலும் கேட்கவில்லை அண்ணா.

பனங்கூடல்:
2005ஐயும் 2010ஐயும் ஒன்றாக்காதீர்கள். 2005இல் துப்பாக்கி நிறுத்தியது. 2010இல் நிறுத்த ஆள் இல்லை. அப்போது ஒதுங்கியிருந்தால் அது மக்களின் சொந்த முடிவாகவே இருந்திருக்கும்.

கோட்டைப் புகையிரதம்:
கொழும்பில் இருந்து அந்தத் தேர்தலைப் பார்த்தவன். தெற்கில் அது எப்படி நடந்தது என்பதையும் எழுதினால்தான் இந்தப் பேச்சு முழுமையாகும்.

மகிந்தவின் முதல் பதவிக்காலம் 2011 நவம்பர்வரை இருந்தது. நான்கு ஆண்டு முடிந்தால் ஜனாதிபதி முன்கூட்டியே தேர்தலுக்குப் போகலாம் என்ற விதி 1982இலிருந்து உண்டு. 2009 நவம்பர் 19ஆம் திகதியோடு நான்கு ஆண்டு முடிய, 23ஆம் திகதி அறிவித்துவிட்டார். வெற்றியின் சூடு ஆறுவதற்குள் அறுவடை. அதே நவம்பரில் மத்திய வங்கி புது ஆயிரம் ரூபாய்த் தாள் வெளியிட்டது. கிடைத்தால் எடுத்துப் பாருங்கள். முன்பக்கத்தில் இரண்டு கைகளையும் உயர்த்தியபடி மகிந்த. பின்பக்கத்தில் படையினர் கொடி நாட்டுகிறார்கள். இதைவிட என்ன தேர்தல் துண்டுப்பிரசுரம் வேண்டும்? சம்பளப் பணத்தை எண்ணும்போது, மீன்காரரிடம் மாற்றும்போது, உண்டியலில் போடும்போது அந்தக் கைகள் உயர்ந்துகொண்டே இருந்தன. எதிர்த்தரப்புச் சுவரொட்டியைக் கிழிக்கலாம், ஆயிரம் ரூபாயை யார் கிழிப்பார்?

அரச தொலைக்காட்சி எந்தப் பக்கம் நின்றது என்று சொல்லத் தேவையில்லை. அரச ஊடகங்கள் தன் வழிகாட்டல்களை மதிக்கவில்லை என்று தேர்தல் ஆணையாளர் தயானந்த திசாநாயக்க வெளிப்படையாகவே சொன்னார். சுயாதீன தேர்தல் ஆணைக்குழு அரசியலமைப்பின் 17ஆவது திருத்தத்தில் தாளில் இருந்தது, நடைமுறையில் அமைக்கப்படவில்லை. ஒற்றை மனிதர் எல்லாவற்றையும் சுமந்தார். முடிவை அறிவித்த அன்று, இனித் தன்னால் முடியாது, விடுவியுங்கள் என்றார்.

வேடிக்கை என்னவென்றால், பொன்சேகாவுக்கே அன்று வாக்கில்லை. வாக்காளர் இடாப்பில் அவருடைய பெயர் இருக்கவில்லை. நாட்டின் அதியுயர் பதவிக்கு நிற்கிறவர் புள்ளடி போட முடியாமல் நின்றார்.

மறுநாள் அவர் தங்கியிருந்த கொழும்பு ஹோட்டலைப் படையினர் சுற்றிவளைத்தார்கள். சில மாதங்களுக்கு முன்புவரை அவருக்கு சல்யூட் அடித்த அதே படை. பெப்ரவரி 8ஆம் திகதி கைது. இராணுவ நீதிமன்றம், பதவிநிலை பறிப்பு, ஆயுதக் கொள்வனவு வழக்கில் 30 மாதச் சிறை. 2012 மேயில் வெளியே வந்தார். 2015இல் ஆட்சி மாறியதும் பீல்ட் மார்ஷல் ஆனார். சிறைக்கும் அந்தப் பட்டத்துக்கும் நடுவே மூன்று ஆண்டு இடைவெளிகூட இல்லை.

வாக்களிப்புக்கு இரண்டு நாள் முன்பு, ஜனவரி 24ஆம் திகதி, கேலிச்சித்திரக்காரரும் பத்தி எழுத்தாளருமான பிரகீத் எக்னெலிகொட காணாமல் போனார். வேலை முடித்து வீட்டுக்குப் புறப்பட்டவர் போய்ச் சேரவில்லை. அவருடைய மனைவி சந்தியா ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறினார். காணாமல்போனோரின் தாய்மார்களோடு வடக்கிலும் வந்து நின்றிருக்கிறார்.

தேர்தல் முடிந்து எட்டு மாதத்தில், 2010 செப்டம்பரில், 18ஆவது திருத்தம் வந்தது. இரண்டு முறைக்கு மேல் ஜனாதிபதியாக முடியாது என்ற தடை போனது. போர் வெற்றிக்கான வாக்கைத் தெற்கு எதற்காகக் கொடுத்ததோ, அது எங்கே கொண்டுபோய் விட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நெறியாளர்:
இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. கருத்தோடு மோதுங்கள், ஆளின் ஊரையும் சாதியையும் இழுக்க வேண்டாம். இழை திறந்தே இருக்கும்.

கணக்குப்பிள்ளை:
பனங்கூடல் அண்ணாவின் “இருவரும் வேண்டாம்” என்ற பேச்சுக்கு ஆதாரம் அவர் தேடிய இடத்தில் இல்லை, வேறொரு இடத்தில் இருக்கிறது. அதையும் போட்டுவிடுகிறேன்.

அந்தத் தேர்தலில் வேட்பாளர்கள் 22 பேர். நாடு முழுவதும் மகிந்த, பொன்சேகா தவிர்ந்த இருபது பேருக்கும் சேர்த்து இரண்டு வீதம்கூட விழவில்லை. யாழ் மாவட்டத்தில் பொன்சேகா 63.84, மகிந்த 24.75. கூட்டினால் 88.59. மிச்சம் 11.41! வாக்களிப்பு நிலையம்வரை போனவர்களில் ஒன்பதில் ஒருவர் இருவரையும் தவிர்த்து வேறு யாருக்கோ போட்டிருக்கிறார். வன்னியிலும் இது ஆறு வீதத்தைத் தொடுகிறது.

சிவாஜிலிங்கத்துக்குப் போயிருக்கும் என்று நினைப்பீர்கள். அவர் நாடு முழுவதும் பெற்றது 9,662. தமிழரின் உரிமைக்காகத் தெற்கில் பேசிய இடதுசாரி விக்கிரமபாகு கருணாரட்னவுக்கு நாடு முழுவதும் 7,055. யாழ் மாவட்டத்தில் மட்டும் “வேறு யாருக்கோ” விழுந்தவை இருபதாயிரம். இவர்கள் இருவரின் நாடளாவிய வாக்கையும் அப்படியே தூக்கி யாழ்ப்பாணத்தில் வைத்தாலும் அந்த இருபதாயிரத்துக்குக் காணாது. அப்படியானால் பெயரே கேள்விப்படாத சிங்கள, முஸ்லிம் வேட்பாளர்களுக்கும் விழுந்திருக்கிறது. நீண்ட வாக்குச்சீட்டில் தடுமாறிப் போட்டவர்கள் இருப்பார்கள். வேண்டுமென்றே எங்கோ ஓர் ஓரத்தில் போட்டுவிட்டு வந்தவர்களும் இருப்பார்கள். எது எவ்வளவு என்று பெட்டி சொல்லாது.

முத்தையன்கட்டு:
என் சித்தப்பா பண்டத்தரிப்பில் அப்படிப் போட்டவர். சுண்டுவிரலில் மை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சென்ட்ரியில் (படையினரின் காவலரணில்) “ஏன் வாக்களிக்கவில்லை” என்று கேட்பான் என்ற பயம் அவருக்கு. உள்ளே போய்க் கடைசியில் இருந்த பெயருக்குப் போட்டாராம். யார் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

தேயிலைத்தூர்:
உங்கள் சித்தப்பா போட்ட வேட்பாளர் அன்று இரவு எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்! யாழ்ப்பாணத்தில் தனக்கு ஆதரவாளர்கள் இருக்கிறார்கள் என்று.

காவிரிக்கரை:
இன்னொரு சந்தேகம். இலங்கையில் 1, 2, 3 என்று விருப்பு வாக்கு இருக்கிறதல்லவா? சிவாஜிலிங்கத்துக்கு 1, பொன்சேகாவுக்கு 2 என்று போட்டிருந்தால் மானமும் தப்பியிருக்கும், வாக்கும் வீணாகியிருக்காது. இதை யாருமே சொல்லவில்லையா?

கணக்குப்பிள்ளை:
வழி இருந்தது. எண்ணப்பட்டிருக்காது. முதல் சுற்றில் ஒருவர் 50 வீதத்தைத் தாண்டிவிட்டால் 2ஆம் 3ஆம் விருப்பு பெட்டியோடு சரி. 1982 முதல் 2019 வரை ஒவ்வொரு முறையும் அப்படித்தான் முடிந்தது. முதன்முறையாக இரண்டாம் விருப்பு எண்ணப்பட்டது 2024இல். அதில் வென்ற அநுர குமார திசாநாயக்க முதல் எண்ணிக்கையில் 42.31 வீதம்தான் எடுத்திருந்தார்.

வாவிக்கரை:
நீங்கள் சொன்ன அந்த யோசனையை 2024இல் செய்து பார்த்தார்கள் ஐயா. எங்கள் மட்டக்களப்பின் முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் அரியநேத்திரன் சங்குச் சின்னத்தில் பொது வேட்பாளராக நின்றார். மொத்தம் 226,343 வாக்குகள், அதில் பாதிக்கு மேல் யாழ் மாவட்டத்தில். அங்கும் எதிர்க்கட்சி வேட்பாளர் சஜித் பிரேமதாச நாலாயிரத்துச் சொச்சம் வாக்குகளால் முந்திவிட்டார். கிழக்கில் எங்கள் ஆளே நின்றும் இங்கே பெரிதாக எடுபடவில்லை. பொன்சேகாவுக்கு வரிசையில் நின்ற ஊர் எங்கள் சொந்த வேட்பாளருக்கு நிற்கவில்லை. அதையும் கொஞ்சம் விளக்குங்கள் பார்ப்போம்.

பனங்கூடல்:
விளக்கம் எளிது. 2010இல் எதிரில் நின்றவர் மகிந்த. 2024இல் எதிரில் ராஜபக்ச என்று சொல்ல மகிந்தவின் மகன் நாமல்தான் இருந்தார், அவருக்கு யார் பயந்தார்கள்? இது கணக்குப்பிள்ளை சொன்ன அந்தச் “சாட்சியம்” என்ற பேச்சோடு பொருந்துகிறது, அதுவரை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒருவருக்கு எதிராக மட்டுமே போடத் தெரிந்த வாக்கை வைத்துக்கொண்டு நாம் எதை வாங்கினோம்? 2010க்கும் 2015க்கும் 2019க்கும் சேர்த்துக் கேட்கிறேன்.

முத்தையன்கட்டு:
2015இல் வாங்கியது ஒன்று எனக்குத் தெரியும். வலிகாமம் வடக்கில் இராணுவம் வைத்திருந்த காணியில் கொஞ்சம் விட்டார்கள், என் மச்சானின் வீட்டுக் கிணறு வேலிக்கு வெளியே வந்தது. முல்லைத்தீவின் கேப்பாப்பிலவுச் சனம் 2017இல் தெருவோரம் கொட்டில் போட்டு இருந்துதான் தங்கள் காணியில் ஒரு பகுதியை எடுத்தது. எது வாக்கால் வந்தது, எது கொட்டிலால் வந்தது என்று நீங்கள் பிரித்துக்கொள்ளுங்கள்.

பனங்கூடல்:
கேப்பாப்பிலவுக்குத் தனி இழை திறக்கிறேன். அங்கே வாருங்கள்.